லீ பஜாரில் ஒரு கிழிசல்

என் தொழில் காற்றை வெளியே நிறுத்துவது.
சேகோ லோடு, வெல்ல லோடு, மஞ்சள் லோடு,
எதுவானாலும்
நான் தைத்த தார்ப்பாய்க்குக் கீழே
காற்று நுழைந்ததென்று
பதினெட்டு வருடத்தில்
எந்த டிரைவரும் வந்து நின்றதில்லை.
(ஒருவர் வந்தார். அது கயிற்றின் குற்றம்.)

ஆடி இரண்டாம் தேதி
ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் ஜெசிந்தா.
ஏற்காடு, நாகலூர்ப் பக்கம் வீடு.
ஆறு வருடம் கிரேக்கத் தீவொன்றில்
ஓட்டல் படுக்கை விரிப்புகள் துவைத்தவளாம்.
பையிலிருந்து அவள் உதறியது
கடையை நிறைத்து, வாசலைத் தாண்டி,
பக்கத்துப் புளிமண்டி மூட்டைமேல் ஏறிப் படுத்தது.
கிளிப்பச்சை. நடுவில் ஒரு முழம் கிழிசல்.

"எந்த லாரிக்கு இது?"
"லாரி இல்லக்கா. பட்டம்."

பட்டமென்றால் வால் இருக்கும்.
இதற்கு விளிம்பில் சைக்கிள் டியூப்போல ஒரு குழல்,
பம்ப் வைத்து அடித்தால் விலா எலும்பாகுமாம்.
இழுக்க நாலு கயிறு. இடுப்பில் கொக்கி.
காலடியில் பலகை.
"கடல்மேல நடக்கலாம்" என்றாள்.
பிறகு திருத்திக்கொண்டாள்:
"விழலாம்க்கா. நெறைய விழலாம்."

அங்கே கோடைதோறும்
வடக்கிலிருந்து ஒரு காற்று வருமாம்.
மெல்தெமி.
பேரில்தான் மெல்.
காய்கிற விரிப்பைக் கொடியோடு கொண்டுபோகும்.
வேலை முடிந்ததும்
சோப்பு வாடை போகாத கையோடு கரைக்கு ஓடி,
வாடகைக் கடைக்காரன் கழித்துப்போட்ட இதை
அரைச் சம்பளத்துக்கு வாங்கினாளாம்.
"வீட்டுக்கு அனுப்பாதது அது ஒண்ணுதான்."
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
கிழிசலைப் பார்த்தாள்.

என் ஊசி இதற்கு முரடு.
இருபத்துமூன்றாம் நம்பர் இறங்கினால்
ஓட்டையே புதுக் கிழிசலாகும்.
ரவிக்கை தைக்கும் வஹிதாவிடம்
பதினோராம் நம்பர் கடன் வாங்கினேன்.
கூடவே குடைத்துணி கொடுத்தாள், கறுப்பு.
கிளிப்பச்சையில் கறுப்பு ஒட்டு.
அழகில்லை. தாங்கும்.
கூலி கேட்டாள்.
தெரியாத துணிக்கு என்ன கூலி சொல்வது?
"தாங்குதான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

ஏற்காடு ஏரியில் காற்று
போட்டிங் டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வருமாம்.
அவள் சொன்னது.
அதனால் ஞாயிறு, பனமரத்துப்பட்டி.
ஏரி இருந்தது. தண்ணீர் இல்லை.
சீமைக்கருவேலம் விட்டுவைத்த நடுத்திடலில்
நெருஞ்சி, வெடித்த களிமண்.
பலகைக்கு அடியில் நாலு சக்கரம்
பட்டறையில் சொல்லிப் பூட்டியிருந்தாள்.

மேற்கிலிருந்து வந்தது,
அம்மியையும் பறக்கவிடும் என்கிறார்களே, அந்தக் காற்று.
அம்மி பறந்து நான் பார்த்ததில்லை.
பட்டத்தின் ஒரு முனையைப் பிடித்து நின்றேன்.
"நான் சொல்றப்போ விடுங்கக்கா."
துணி கையை மீறப் பார்க்கிறது,
கை கயிற்றைத் தேடுகிறது, இழுத்து
ஒரு லாரி முடிச்சுப் போட.
அவள் சொன்னாளா, காற்றுதான் அப்படிக் கேட்டதா,
விட்டுவிட்டேன்.

முதல் தடவை
குப்புறத் தள்ளி இருபதடி இழுத்தது.
மாடு மேய்த்த பையன்கள் கைதட்டினார்கள்.
அடுத்து, பலகை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.
உதடெல்லாம் மண். துப்பிவிட்டுச் சிரித்தாள்.
பிறகு நின்றாள்.
முதுகு தரையைத் தொடும்போலச் சாய்ந்து
இல்லாத தண்ணீரின்மேல்
புழுதியைக் கிழித்துக்கொண்டு அக்கரை நோக்கிப் போனாள்.
திரும்பத் தெரியவில்லையோ,
திரும்பும் எண்ணமில்லையோ,
கருவேலங்காட்டு ஓரத்தில் ஒரு கணம்
சக்கரம் நாலும் தரையில் இல்லை.

பையன்கள் அவளைப் பார்த்துக் கத்தினார்கள்.
நான் மேலே பார்த்தேன்.
கறுப்பு ஒட்டு. ஒரு முழம். இரட்டைத் தையல்.
உப்பி நின்றது.
காற்று அதன் வழியே போகப் பார்த்து,
முடியாமல்,
அவளைத் தூக்கிக்கொண்டிருந்தது.

முள்ளில் மாட்டி
இன்னும் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.
முழங்கைச் சிராய்ப்பை ஊதியபடி
"கூலி?" என்றாள்.
திங்கட்கிழமை கொண்டுவா என்றேன்.

வஹிதாவின் ஊசியை
இன்னும் திருப்பித் தரவில்லை.